எளிய தமிழ் யாருக்காக?

தேர்வுத் தாளில் 'சாலச் சிறந்தது' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் தாலுகா அலுவலகச் சுவரிலும் அதே நடை ஒட்டப்பட்டிருந்தால், முதியோர் பென்ஷன் கேட்டு வந்த பாட்டி என்ன செய்வாள்? வாசல் மரத்தடியில் காசுக்கு மனு எழுதுபவரிடம் போவாள். கடினமான தமிழுக்கு ஏழை கட்டும் வரி அது!

இந்த வரியை நீக்கப் பாடுபட்டவர்களில் சி. பா. ஆதித்தனார் முக்கியமானவர். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த அவர், 1942-இல் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். செய்தி எழுதுவோருக்கென்று 'இதழாளர் கையேடு' என்ற நூலையும் எழுதினார். அந்நாளில் டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். எனவே வாக்கியம் கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் புரிய வேண்டும். படிப்பவர் மூச்சு வாங்குமுன் அது முடிந்துவிட வேண்டும்.

குறுகிய சொல்லெல்லாம் எளிய சொல் அன்று. 'வளி' இரண்டெழுத்து, 'காற்று' மூன்றெழுத்து. எது புரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'மகிழுந்து' அழகான ஆக்கந்தான்; ஆயினும் விபத்துச் செய்தியில் நான் 'கார்' என்றே எழுதுவேன். (தமிழிலக்கிய வகுப்பு நண்பர்கள் பொறுத்தருள்க!)

சொல்லைவிட வாக்கியமே பெரிய தடை. ஒரு மாதிரி பாருங்கள்: 'குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்கத் தவறியோரின் கோரிக்கைகள் பரிசீலிக்கப்படமாட்டா.' இதையே, '10-ஆம் தேதிக்குள் மனுக் கொடுங்கள். பிந்தினால் வாங்க மாட்டோம்' எனலாம். முதலாவதில் தேதியும் இல்லை, ஆளும் இல்லை. 'படு' என்னும் துணைவினை, செய்கிறவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது. இரண்டாவதில் 'மாட்டோம்' என்றதும் ஒருவர் முன்வந்து நிற்கிறார். 'ஏன் வாங்க மாட்டீர்கள்?' என்று அவரைக் கேட்கலாம். அலுவலகங்களுக்கு முதல் வாக்கியம் பிடித்துப் போனதற்கு இதுதான் காரணமோ என்பது என் ஐயம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சுவரொட்டி எழுதும் நண்பர்கள், பசை தடவுமுன் அவ்வூர்க் கடையில் இருப்பவர் ஒருவரை அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நா எந்த இடத்தில் தடுக்குகிறதோ, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், அண்ணாச்சி?' என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.