விலைக்கழிவில் பழைய மொடலா, கூடிய விலையில் புதிய மொடலா?
மோட்டார் சைக்கிள் வாங்குமுன் வீட்டில் இருந்து போடவேண்டிய கணக்கு

ஊருக்குத் திரும்பிய குடும்பம் கூரை, கிணறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தி வரும்போது, அடுத்த தேவையாக மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். லிங்கநகரில் இருந்து நிலாவெளிப் பக்கம் மேசன் வேலைக்குப் போகிறவருக்கும், விடியற்காலையில் மீன் எடுத்துப் போய் விற்பவருக்கும் அது ஆடம்பரம் அல்ல, தொழிலின் ஒரு பகுதி. பஸ்ஸுக்காகக் காத்து நின்று அரை நாள் சம்பளத்தை இழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விற்பனை நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் இரண்டைக் காட்டுவார்கள். ஒன்று, இந்த ஆண்டு வந்த புதிய மொடல். மற்றது, மூலையில் நிற்கும் முந்தைய மொடல். அதில் 'விசேட விலைக்கழிவு' என்று ஒட்டியிருக்கும். எதை எடுப்பது? இந்தக் கட்டுரை ஒரு வாகனத்தைப் புகழவோ இகழவோ எழுதப்படவில்லை. ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மூன்று வருடத்தில் உங்கள் கையிலிருந்து போகப்போகும் மொத்தப் பணத்தைப் பார்த்து முடிவெடுக்க உதவுவதே இதன் நோக்கம்.

பழைய மொடல் ஏன் விலை குறைகிறது?

விலை குறைந்தால் அதில் ஏதோ பழுது இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி அல்ல. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்கள் சிலருக்கு 2017 மார்ச் மாதக் கடைசி நினைவிருக்கலாம். பிஎஸ் 3 என்ற பழைய புகை விதிக்கு அமைந்த வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் மார்ச் 29ஆம் திகதி உத்தரவிட்டது. அப்போது நாடு முழுவதும் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் விற்காமல் நின்றன. அவற்றை இரண்டே நாளில் தள்ளிவிட நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்தன; சில மொடல்களுக்கு 22,000 இந்திய ரூபாய் வரை குறைந்தது. அந்த வாகனங்கள் பழுதானவை அல்ல. விதி மாறியது, அதனால் விலை இறங்கியது.

இலங்கையில் நடந்தது வேறு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் மோட்டார் சைக்கிள் உட்படத் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. புதிய மொடல்கள் வரத் தொடங்கிய பின் முந்தைய மொடல்களை வைத்திருப்பவர்கள் விற்றுத் தீர்க்கப் பார்ப்பது இயல்பு. ஆகவே விலைக்கழிவைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.

'பழைய மொடல்' என்றால் எது?

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் இருக்கின்றன. முதலாவது, இன்னும் பதியப்படாத, யாரும் ஓடாத, விற்காமல் நின்ற வாகனம். இரண்டாவது, வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டுவதற்காகப் பாவித்த வாகனம். மூன்றாவது, தவணை கட்ட முடியாதவரிடமிருந்து லீசிங் நிறுவனம் மீளப் பெற்று, கழுவித் துடைத்து வைத்திருக்கும் வாகனம். மூன்றும் விற்பனைக்கு உரியவைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. "இது இதுவரை யாருடைய பெயரிலாவது பதியப்பட்டதா?" என்று முதலில் கேளுங்கள். பதிலை விலைக்கூற்றுத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பத்தில் என்ன வேறுபாடு?

இங்கே ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகள். அங்கே 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதி வந்தபோது, பல மொடல்களில் காபரேற்றருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெற்றோலைச் செலுத்தும் அமைப்பு வந்தது. இதனால் புகை குறையும், காலையில் இலகுவாக இயங்கும், பெற்றோலும் ஓரளவு மிச்சமாகும். ஆனால் இதில் பெற்றோல் பம்பும் உணரிகளும் இருக்கின்றன. பற்றரி முற்றாக இறங்கினால் உதைத்து இயக்குவது கடினம். கோளாறு வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கருவி உள்ள இடத்துக்கே கொண்டு போகவேண்டி வரலாம். காபரேற்றர் என்றால் வீதியோர மெக்கானிக்கே கழற்றிக் கழுவிப் பூட்டிவிடுவார்.

இன்னொரு வேறுபாடு பிரேக். இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பின் 125 சிசிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு, சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு கட்டாயம். ஆனால் ஏற்றுமதிக்காகச் செய்யும் வாகனங்களில் இவை இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே நீங்கள் வாங்கும் வாகனத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். திருகோணமலை நகரில் இரவில் மாடும், பிரட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமானும் வீதிக்கு வருவதை அறிந்தவர்களுக்கு நல்ல பிரேக்கின் அருமை தெரியும். மனைவி பிள்ளைகளை ஏற்றி, இருட்டில் அடிக்கடி ஓடுபவர் என்றால் புதிய மொடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க இது ஒரு நியாயமான காரணம். நிறமும் ஸ்டிக்கரும் முன்விளக்கின் வடிவமும் அப்படியான காரணங்கள் அல்ல.

மொடல் பழையது என்பதால் உதிரிப்பாகம் கிடைக்காது என்றும் முடிவு செய்ய வேண்டாம். ஹீரோ ஹொண்டா 1994இல் ஸ்ப்ளென்டரை வெளியிட்டது. 2011இல் அந்நிறுவனம் ஹீரோ மோட்டோகோர்ப் என்று பெயர் மாறிய பிறகும் அதே 97.2 சிசி இயந்திரம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. வெளித்தோற்றம் மாறினாலும் உள்ளே இயந்திரம் மாறாத மொடலுக்கு உதிரிப்பாகம் நீண்ட காலம் கிடைக்கும். கொஞ்ச எண்ணிக்கையில் மட்டும் வந்து நின்றுபோன மொடல்தான் ஆபத்து. இதை அறிய எளிய வழி, நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் கேட்பது: "இந்த மொடல் உங்களிடம் எத்தனை வருகிறது? இதன் கிளட்ச் கேபிளும் பிரேக் கட்டையும் நகரத்திலேயே எடுக்கலாமா?"

மூன்று வருடக் கணக்கு

பின்வரும் தொகைகள் எந்தக் கடையின் விலையும் அல்ல. கணக்குச் செய்யும் முறையைக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

பழைய மொடல் 600,000 ரூபாய், புதியது 720,000 ரூபாய் என்று வைப்போம். உங்களிடம் முற்பணமாக 250,000 ரூபாய் இருக்கிறது. மிச்சத்தை 36 மாத லீசிங்கில், வருடத்துக்கு 14 சதவீத நிலையான வட்டியில் எடுக்கிறீர்கள்.

பழைய மொடல்: கடன் 350,000. வட்டி 147,000. மாதத் தவணை சுமார் 13,800.
புதிய மொடல்: கடன் 470,000. வட்டி 197,400. மாதத் தவணை சுமார் 18,540.

கடையில் 120,000 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் மூன்று வருடத்தில் 170,400 ரூபாய் ஆகிவிட்டது. மாதாமாதம் 4,700 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

"புதியது பெற்றோல் குறைவாகக் குடிக்கும்" என்பார்கள். அதையும் பார்ப்போம். தினம் 30 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீற்றர். பழையது லீற்றருக்கு 55, புதியது 65 கிலோமீற்றர் ஓடுகிறது என்று தாராளமாகவே வைப்போம். மாதம் மிச்சமாவது இரண்டு லீற்றர் அளவு. லீற்றர் 300 ரூபாய் என்றால் 630 ரூபாய். தவணையில் கூடும் 4,700 ரூபாயை இது ஈடு செய்யாது. தினம் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்குத்தான் கணக்கு நெருங்கி வரும். ஊருக்குள் ஓடுபவருக்கு வராது.

'14 சதவீதம்' என்ற சொல்லையும் கவனியுங்கள். நிலையான வட்டி என்பது, நீங்கள் கட்டிக் கட்டிக் கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுவது. உண்மையில் அது வருடத்துக்குச் சுமார் 24 சதவீத வட்டிக்குச் சமம். ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். "கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேளுங்கள். காப்புறுதி, ஆவணக் கட்டணம், தவணை பிந்தினால் வரும் தண்டம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமா என்பதையும் பாருங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். பிணையாளியாக நிற்பவர் உங்கள் மச்சானோ சித்தப்பாவோ ஆக இருப்பார். நீங்கள் கட்டாவிட்டால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

விற்காமல் நின்ற வாகனத்தில் பார்க்க வேண்டியவை

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். மிகப் பழையதாக இருந்தாலோ, ஓரத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். நீண்ட காலம் நின்ற வாகனத்தின் பற்றரி வலுவிழந்திருக்கும். புதிய பற்றரி கேளுங்கள். பெற்றோல் தாங்கியைத் திறந்து உள்ளே துருப் பிடித்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் செயின், சில்லுக் கம்பிகள், வயர் பூட்டுகள் விரைவில் துருப் பிடிக்கும். உத்தரவாதக் காலம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குகிறது என்று எழுதி வாங்குங்கள்.

மீள விற்கும்போது இலக்கத் தகட்டின் எழுத்தைப் பார்த்து விலை பேசுவது இங்கே வழக்கம். பதியப்படாத பழைய மொடலை இன்று பதிந்தால் இன்றைய எழுத்தே கிடைக்கும். ஆனால் தயாரித்த ஆண்டு வாகனப் புத்தகத்தில் இருக்கும். அடுத்து வாங்குபவர் அதைக் காட்டி விலை குறைப்பார். அந்தக் குறைப்பை நீங்கள் இன்றே விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

தாள் சரியில்லாவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம்

2022 ஜூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கொடுத்தார்கள். அதற்கு அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் செசி இலக்கமும் தேவைப்பட்டன. தாள் ஒழுங்காக இல்லாதவரின் வாகனம் வீட்டு முற்றத்தில் நின்றது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே பதிந்த வாகனம் என்றால் செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் புத்தகத்துடன் பொருந்துகின்றனவா என்று கையால் துடைத்துப் பாருங்கள். வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவத்தை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். லீசிங் இருந்த வாகனம் என்றால் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் பற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறலாம்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஒரு வகுப்பு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு வேறு வகுப்பு. வாகனத்தைத் தெரிவு செய்யுமுன் உங்கள் பத்திரத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் எடுத்த பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள், ஓடுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

முடிவாக

யாரும் ஓடாத, தாள் சரியான, உதிரிப்பாகம் நகரத்திலேயே கிடைக்கும் பழைய மொடல் என்றால், பெரும்பாலான மீள்குடியேறிய குடும்பங்களுக்கு அதுவே பொருத்தம். மிச்சமாகும் பணத்தில் முதலில் இரண்டு நல்ல தலைக்கவசம் வாங்குங்கள். பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம். மீதியை இரண்டு மாதத் தவணையாக ஒதுக்கி வையுங்கள். கடல் கொந்தளித்துத் தொழில் நிற்கும் மாரி காலத்தில் அது வாகனத்தைக் காக்கும்.

இரவு ஓட்டமும் தூர ஓட்டமும் அதிகம், நிலையான மாதச் சம்பளம் உண்டு, பிரேக் அமைப்பும் உண்மையில் மேலானது என்றால் புதிய மொடலை எடுக்கலாம். விலைக்கழிவு சிறியதாக இருந்தாலும் அப்படியே.

இரண்டுமே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். வீட்டுத் திட்டப் பணம் கட்டுமானம் முன்னேற முன்னேறத்தான் தவணையாக வரும். கூரைக்கு வந்ததை முற்பணமாகக் கொடுத்தால் வீடு சுவரோடு நிற்கும், அடுத்த தவணையும் வராது. அப்படியான நிலையில் ஆறு மாதம் பொறுப்பது நட்டம் அல்ல.

கையெழுத்து வைக்குமுன் விலைக்கூற்றையும் லீசிங் தாளையும் எமது கள உத்தியோகத்தரிடம் கொண்டு வாருங்கள். உங்களுடன் இருந்து வாசித்து, மேலுள்ள கணக்கை உங்கள் தொகையில் போட்டுக் காட்டுவார். இதற்குக் கட்டணம் இல்லை. "இன்றைக்கே எடுத்தால்தான் இந்த விலை" என்று யாராவது அவசரப்படுத்தினால், அன்றைக்கு எடுக்க வேண்டாம்.