வீட்டை அடமானம் வச்சு கடலுக்குப் போன மனுஷன்: வேலையை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் சேனல்ல "ஜாமீன் கையெழுத்து" பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்குப் பின்னாடி இருந்த கதையை வீடியோவுல சொல்ல நேரமில்லை. இங்கே சொல்றேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் பனமலை. விழுப்புரம் பக்கம், மலை மேல ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டினவரும் அதே ராஜாதான். சாயங்காலம் கோயில் படிக்கட்டுல ஏரியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப, சித்தப்பா பையன் மெதுவா ஆரம்பிச்சான்.

"அண்ணா, வேலையை விடப் போறேன். மரச்செக்கு எண்ணெய் போடலாம்னு இருக்கேன். நம்ம ஏரியாவுல மல்லாட்டைக்கு என்ன பஞ்சம்? லோன் 18 லட்சம். அப்பா பேர்ல இருக்கிற வீட்டை வச்சுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை கையெழுத்து."

பையனுக்கு 27 வயசு. ஒரகடம் பக்கம் வேலை, கையில மாசம் 42,000 வருது. திறமைசாலி, உழைப்பாளி. ஐடியாவும் மோசமில்லை. ஆனா "வீட்டை வச்சு"ன்னு அவன் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது 1968-ல இங்கிலாந்துல கடலுக்குப் போன ஒருத்தரை. அவர் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன்.

ஒன்பது பேர், ஒரு பந்தயம்

1968-ல லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை கோல்டன் குளோப்னு ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் அறிவிச்சது. தனி ஆளா, எங்கேயும் நிறுத்தாம உலகத்தைச் சுத்தி வரணும். முதல்ல வர்றவருக்குக் கோப்பை, வேகமா முடிக்கிறவருக்கு 5,000 பவுண்டு. அக்டோபர் 31-க்குள்ள கிளம்பிடணும். கிளம்பினது ஒன்பது பேர்.

அதுல ஒருத்தர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். எலக்ட்ரானிக்ஸ் கருவி செய்யுற சின்னக் கம்பெனி வச்சிருந்தவர். நாலு பிள்ளைங்க. வார இறுதியில படகு ஓட்டுற அமெச்சூர், பெருங்கடல் அனுபவம் கிடையாது. வியாபாரம் படுத்துக்கிட்டு இருந்தது. பந்தயத்துல ஜெயிச்சா விளம்பரம் வரும், கம்பெனி நிமிரும்னு கணக்குப் போட்டார்.

அவர் கம்பெனியில ஏற்கெனவே பணம் போட்டிருந்த ஒரு முதலீட்டாளர்தான் படகுக்கும் பணம் கொடுத்தார். ஆனா ஒரு கண்டிஷன்: விஷயம் சொதப்பினா படகை க்ரோஹர்ஸ்ட் கம்பெனியே திரும்ப வாங்கிக்கணும். அதுக்கு ஈடா கம்பெனியும் அடமானம், குடியிருந்த வீடும் அடமானம்.

கடைசித் தேதியான அக்டோபர் 31 அன்னிக்குக் கிளம்பினார். படகு முழுசா தயாராகலை. தேவையான சாமான் சிலது கரையிலேயே கிடந்தது. கொஞ்ச நாள்லயே படகுல தண்ணி ஏற ஆரம்பிச்சது.

இப்ப அவர் நிலைமையை யோசிங்க. முன்னாடி போனா, தெற்குப் பெருங்கடல்ல இந்தப் படகு தாங்காது, உயிர் போகும். திரும்பிப் போனா வீடு போகும், கம்பெனி போகும். ரெண்டு கதவும் அடைபட்ட மனுஷன் மூணாவதா ஒண்ணைத் தேர்ந்தெடுத்தார். பொய். அட்லாண்டிக்கிலேயே சுத்திக்கிட்டு, உலகத்தைச் சுத்தி வர்ற மாதிரி ரேடியோவுல பொய்யான இடங்களைச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இந்தப் பொய்யை நம்பின போட்டியாளர் நைஜல் டெட்லி. பின்னாடி ஒருத்தர் வேகமா வர்றாரேன்னு ஏற்கெனவே அடிபட்டிருந்த தன் படகை விரட்டினார். கிட்டத்தட்ட ஊர் வந்து சேர்ற நேரத்துல, 1969 மே மாசம், படகு உடைஞ்சு மூழ்கிடுச்சு. நல்லவேளை, ஆளைக் காப்பாத்திட்டாங்க. இன்னிக்கு டெலிகிராம் குரூப்ல எவனோ போடுற லாப ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து எஃப் அண்ட் ஓ-வுல சம்பளத்தைப் போடுறீங்களே, அப்ப டெட்லியை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. அவரைத் துரத்தின படகு நிஜத்துல அங்கே இல்லவே இல்லை.

டெட்லி போனதும் க்ரோஹர்ஸ்ட் மாட்டிக்கிட்டார். கடைசியா வந்திருந்தா அவர் குறிப்பேட்டை யாரும் தோண்டியிருக்க மாட்டாங்க. இப்ப வேகப் பரிசு அவருக்குத்தான் வரும், குறிப்பேட்டை வரி வரியா பார்ப்பாங்க. அவர் எழுதின கடைசிக் குறிப்பு 1969 ஜூலை 1. ஜூலை 10 அன்னிக்கு ஒரு கப்பல் அந்தப் படகைப் பார்த்தது. படகு இருந்தது. ஆள் இல்லை.

பம்பாய்ல கட்டின பழைய படகு

ஜெயிச்சது யாரு தெரியுமா? ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வணிகக் கப்பல் அதிகாரி. அவருக்கும் புதுப் படகு கட்ட ஆசைதான், பணம் புரளலை. அதனால தன்கிட்ட இருந்த 'சுஹைலி'யையே எடுத்துக்கிட்டு கிளம்பினார். 32 அடி, தேக்கு மரம், நம்ம பம்பாய்ல கட்டினது. வேகம் கம்மி. ஆனா பம்பாய்ல இருந்து இங்கிலாந்து வரைக்கும் அதுலயே போய்ப் பழகினவர் அவர். 312 நாள்ல திரும்பி வந்தார். பந்தயத்தை முடிச்சது அவர் ஒருத்தர் மட்டும்தான். கிடைச்ச 5,000 பவுண்டை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துட்டார்.

நம்ம நாட்டு உதாரணமும் இருக்கு. அபிலாஷ் டோமி. முதல்ல திலீப் டோண்டேயோட உலகச் சுற்றுப் பயணத்துக்குக் கரையில இருந்து உதவினார். அப்புறம் 2012-13-ல தானே தனியா, நிறுத்தாம உலகத்தைச் சுத்தினார். அதுக்கப்புறம்தான் 2018 கோல்டன் குளோப் பந்தயம். புயல்ல பாய்மரம் முறிஞ்சு, முதுகெலும்பு அடிபட்டு, நடுக்கடல்ல இருந்து மீட்டாங்க. 2022-ல ஸ்பான்சரோட மறுபடியும் கிளம்பி, 236 நாள்ல ரெண்டாவதா வந்தார். 2018-ல அவர் தோத்தார்தான். ஆனா மறுபடியும் கிளம்புற மாதிரி தோத்தார்.

கையெழுத்துக்கு முன்னாடி மூணு கேள்வி

இதையெல்லாம் கேட்டுட்டு பையன், "நான் என்ன உலகத்தைச் சுத்தவா போறேன்? எண்ணெய் ஆட்டப் போறேன்"னு சிரிச்சான். சரின்னு போன்ல கால்குலேட்டரை எடுத்தேன்.

1. தோத்தா என்ன போகும்? 18 லட்சம், 11 சதவீதம், 7 வருஷம். இஎம்ஐ சுமார் 30,800. லிட்டருக்கு எல்லாச் செலவும் போக 60 ரூபா நின்னாலும், மாசம் 513 லிட்டர் விக்கணும். அது இஎம்ஐ-க்கு மட்டும். இன்னிக்கு எத்தனை கஸ்டமர் இருக்காங்கன்னு கேட்டேன். பதில் வரலை.

கட்டலைன்னா? 90 நாள் தவணை பாக்கி ஆனா வாராக்கடன். அப்புறம் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதுக்கப்புறம் கோர்ட்ல வழக்குப் போட்டு ஜெயிக்கணும்னு அவசியம் இல்லாமலே பேங்க் வீட்டை எடுக்கலாம். "பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சா கடன் கம்பெனியோட போயிடுமே"ன்னு நிறைய பேர் நினைக்கிறீங்க. பர்சனல் கேரண்டி போட்ட நிமிஷமே அந்தச் சுவர் இடிஞ்சிடுச்சு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128: கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லாத வரைக்கும், ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவே. இது எனக்குப் புத்தகத்துல மட்டும் தெரிஞ்ச விஷயம் இல்லை. எங்க அப்பா ஒரு நண்பருக்குப் போட்ட கையெழுத்துக்கு எங்க வீட்டுக்கு நோட்டீஸ் வந்தப்ப நான் ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தேன்.

2. பாதியில திரும்ப வழி இருக்கா? குடும்பச் செலவு 25,000, இஎம்ஐ 30,800. ஆறு மாசத்துக்கு 3,34,800 தனியா இருக்கணும். அவன்கிட்ட இருந்தது 70,000. வேலையை விட்டா கம்பெனி மருத்துவக் காப்பீடும் நின்னுடும். அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசி எடுத்தாச்சான்னா, அதுவும் இல்லை.

3. சின்னதா ஓட்டிப் பார்த்தாச்சா? நாக்ஸ்-ஜான்ஸ்டன் பின்னாடி கிளிப்பர்னு ஒரு பந்தயம் ஆரம்பிச்சார். சாதாரண வேலையில இருக்கிறவங்க பணம் கட்டி, பயிற்சி எடுத்து, உலகத்தைச் சுத்துற பந்தயம். அதுல முழுச் சுற்றும் போகணும்னு இல்லை, ஒரு கட்டம் மட்டும் போயிட்டு வேலைக்குத் திரும்பிடலாம். தொழிலுக்கும் அதே மாதிரி வழி இருக்கு. இருக்கிற செக்குல கூலிக்கு ஆட்டி, ஞாயித்துக்கிழமை அபார்ட்மெண்ட்ல வித்துப் பார்க்கலாம். அப்புறமும் கடன் வேணும்னா, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரைக்கும் பேங்க் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க.

திங்கக்கிழமை

கணக்கெல்லாம் பார்த்துட்டு அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "ஊரெல்லாம் சொல்லிட்டேண்ணா. பேனர் கூட அடிக்கக் கொடுத்துட்டேன்."

எனக்குப் பகீர்னு ஆனது அப்பதான். க்ரோஹர்ஸ்டைக் கரையில இருந்து தள்ளினது அடமானம் மட்டும் இல்லை. எல்லாருக்கும் சொல்லியாச்சு, கேமரா வந்தாச்சு, தேதி வந்தாச்சு. இனி எப்படி இல்லைன்னு சொல்றது? நம்ம பசங்க பாதிப் பேர் தப்பான கையெழுத்தைப் போடுறது கணக்குத் தெரியாம இல்லை, வெட்கத்துல.

"பேனர் எவ்வளவு?"

"1,200."

"அந்த 1,200 நஷ்டம். எழுதிக்கோ. அதோட முடிஞ்சுது."

திங்கக்கிழமை அவன் பேங்குக்குப் போகலை. சித்தப்பா என்கிட்ட ரெண்டு வாரம் சரியாப் பேசலை, பையன் ஆசையைக் கெடுத்துட்டேன்னு. இப்ப அவன் சனி, ஞாயிறு திண்டிவனத்துல ஒரு செக்குல கூலிக்கு ஆட்டி எடுத்து, சென்னையில விக்கிறான். போன மாசம் 64 லிட்டர். 513 எங்கே, 64 எங்கே! ஆனா அந்த 64-ம் நிஜம். வீட்டுப் பத்திரம் சித்தி பீரோவுலயே இருக்கு.

உங்க கையிலயும் இப்படி ஒரு கையெழுத்து காத்திருந்தா, அந்த மூணு கேள்வியையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பதில் எழுத முடியாத கேள்வி ஒண்ணு இருந்தாலும், தேதியைத் தள்ளி வைங்க. கடல் எங்கேயும் போயிடாது.