நினைவிழந்தவரிடம் முதலில் நோக்கவேண்டியது

பள்ளி வளாகத்திலோ, வயல்வெளியிலோ, சந்தையிலோ ஒருவர் திடீரென நினைவிழந்து விழுவாராயின், சூழ்ந்து நிற்போர் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றே. முகத்தில் நீர் தெளிப்பர்; தூக்கி உட்கார வைப்பர்; வாயில் சோடாவை ஊற்றுவர். வலிப்பெனத் தோன்றினால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் உண்டு. விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பவர் அரியர். உயிர்காப்புப் பயிற்சி இக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. அதற்குப் பத்து விநாடிகள் போதும்.

நினைவிழப்பிற்குக் காரணங்கள் பல. காலை வணக்கத்தின்போது நெடுநேரம் நின்ற மாணவன் விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கமே. மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் அது நேரிடுகிறது. படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் விரைவில் கண் விழிப்பான். அவனை உட்கார வைப்பதுதான் தவறு. வலிப்பு கண்டவருக்குக் கைகால்கள் விறைத்து வெட்டியிழுக்கும். அவரைப் பிடித்து அழுத்துதலும், வாயில் எதையேனும் திணித்தலும் கூடா. இழுப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 5 நிமிடத்திற்கு மேல் இழுப்பு நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது அவசியம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் சர்க்கரை குறைந்து தளர்வதுண்டு. நினைவிருக்கும்போதே சர்க்கரை கொடுக்கலாம். நினைவு தப்பியபின் வாய்வழியே எதுவும் தரலாகாது.

மாரடைப்பும் இதயம் நின்றுபோதலும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். மாரடைப்பில் இதயத் தசைக்கு இரத்தம் கொணரும் குழாய் அடைபடுகிறது. நோயாளி நெஞ்சுவலியோடும் வியர்வையோடும் பேசிக்கொண்டிருக்கக்கூடும். அவரை நடக்கவிடாது உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதயம் நின்றுவிட்டாலோ இரத்த ஓட்டமே அற்றுப்போகிறது. சில நிமிடங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது.

இந்நிலையில் பயிற்சியற்றோரை ஏமாற்றும் குறி ஒன்றுண்டு. இதயம் நின்ற முதற் சில நிமிடங்களில், கரையில் எறியப்பட்ட மீனைப்போல் நோயாளி இடையிடையே வாய் திறந்து விக்குவார். சிலருக்குக் கைகால் சிறிது வெட்டியிழுப்பதும் உண்டு. முன்னதை மூச்சென்றும் பின்னதை வலிப்பென்றும் கருதிக் காத்திருப்பவர்கள் அரிய நிமிடங்களை இழக்கின்றனர். தோளைத் தட்டி உரக்க அழைத்தும் அசைவில்லை, மார்பு சீராக ஏறி இறங்கவும் இல்லையெனில், இதயம் நின்றதாகவே கொண்டு செயலில் இறங்க வேண்டும். ஐயம் எழுந்தாலும் அமுக்குவதே நன்று. அமுக்குவதால் விளையக்கூடிய தீங்கு, அமுக்காமையால் விளைவதினும் மிகச் சிறிது.

மார்பை அமுக்கி இரத்தத்தை ஓடச் செய்யும் இம்முறை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. நாயின் மார்பில் மின்தகடுகளை அழுத்தியபோதே இரத்த அழுத்தம் உயர்வதை நிக்கர்பாக்கர் கண்டார். அவரும், ஜூட் என்ற அறுவைச் சிகிச்சையாளரும், கௌவன்ஹோவன் என்ற மின்பொறியியல் அறிஞரும் 1960-இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஒருவரை 112 அல்லது 108 எண்ணை அழைக்கச் சொல்லிவிட்டு, நோயாளியைக் கட்டாந்தரையில் மல்லாத்திக் கிடத்த வேண்டும். கயிற்றுக் கட்டில் உதவாது. அமுக்கும் விசையை அதுவே விழுங்கிவிடும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மீது மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அமுக்க வேண்டும். வளர்ந்தோருக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழவிட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். விலா எலும்பு முறியக்கூடும் என்றஞ்சி நிறுத்தலாகாது.

மருத்துவர் அல்லாதார் மார்பை அமுக்கினால் மட்டும் போதும் என்று இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2017-இல் நெறிமுறை வகுத்தனர். பிறர் வாயில் ஊதத் தயங்குவோருக்கு இது பெருந்துணை. எனினும் நீரில் மூழ்கியவர் பிராணவாயு இன்மையாலேயே வீழ்ந்தவராதலால், பயிற்சி பெற்றோர் அவருக்கு முதலில் மூச்சூதி, பின்னர் 30 அமுக்கலுக்கு 2 முறை ஊத வேண்டும். அமுக்குபவர் இரண்டே நிமிடங்களில் களைத்து, தம்மையறியாமல் ஆழத்தைக் குறைத்துவிடுவார். ஆதலின் அருகில் நிற்பவர் அந்நேரத்திற்குள் இடம் மாற்றிக்கொள்ள ஆயத்தமாக மண்டியிட்டிருத்தல் வேண்டும்.