அரைத்த மாவும் வடிவேலு முகமும்

விவாதம் தமிழருக்குப் புதிதன்று. பட்டிமன்றம் இல்லாத தமிழ் விழாவை நம் பல்கலைக்கழகங்களில் காண்பது அரிது. ஆனால், இன்று நம் விவாதங்களில் பெரும்பகுதி மேடையை விட்டு இறங்கிப் புலனக் குழுக்களில் குடியேறிவிட்டது. அங்கே நடுவர் இல்லை; நேரக் கட்டுப்பாடு இல்லை; மணியடித்து நிறுத்துவாரும் இல்லை. அந்த மணியின் வேலையை இப்போது ஒரு படம் செய்கிறது. யாராவது அரைத்த மாவையே மீண்டும் அரைக்கத் தொடங்கினால், உடனே வடிவேலுவின் சலித்த முகம் ஒன்று வந்து விழும். அத்தோடு பேச்சு முடிந்தது.

இந்தப் படம் எப்படி வேலை செய்கிறது? அதை எப்போது பயன்படுத்தலாம்? எப்போது கூடாது? சற்றே சிந்திப்போம்.

மீம் பிறந்த கதை

'மீம்' என்ற சொல்லை உருவாக்கியவர் உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். மரபணு உடலுக்கு உடல் பரவுவதைப் போல, ஒரு கருத்து மனத்துக்கு மனம் படியெடுக்கப்பட்டுப் பரவுகிறது என்பதை விளக்க, 1976-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இச்சொல்லைக் கையாண்டார். பின்னர் இணையம் இதனை நகைச்சுவைப் படங்களுக்கு எடுத்துக்கொண்டது.

தமிழ் மீம்களுக்கு வடிவேலுதான் முடிசூடா மன்னர். 2001-இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தின் காண்ட்ராக்டர் நேசமணியையும், 2003-இல் வந்த 'வின்னர்' படத்தின் கைப்புள்ளயையும் அறியாத தமிழ் மாணவர் உண்டா? 2019 மே மாதம், ஒரு பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த காட்சியை நினைவுபடுத்திப் பதில் எழுத, படம் வெளிவந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது! ஒரு முகம் எவ்வளவு பொருளைச் சுமக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஒரு படம், மூன்று செய்திகள்

பதிலுக்குப் பதிலாக அனுப்பப்படும் மீம் மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, 'இது பழைய கதை'. இரண்டாவது, 'நான் பதில் சொல்லப் போவதில்லை'. மூன்றாவது செய்தி கேட்டவருக்கு அன்று, சுற்றியிருப்பவர்களுக்கு: 'வாருங்கள், சேர்ந்து சிரிப்போம்'. மீமின் வலிமை இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. கருத்தை மறுக்காமலேயே, கருத்துச் சொன்னவரைத் தனிமைப்படுத்திவிடுகிறது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பொய்யைச் சொல்ல ஆகும் உழைப்பைவிட அதை மறுக்க ஆகும் உழைப்பு பல மடங்கு அதிகம் என்று 2013-இல் இத்தாலிய நிரலாளர் அல்பெர்ட்டோ பிராண்டோலினி குறிப்பிட்டார். ஒரு வரியில் கிளப்பிவிட்ட வதந்திக்குப் பத்துப் பத்திகளில் பதில் எழுத எல்லாருக்கும் நேரம் இருக்குமா? தேர்வு வாரத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

கோட்வின் கற்றுத்தந்த பாடம்

சலிப்பூட்டும் வாதத்தை நிறுத்துவதற்கென்றே திட்டமிட்டு ஒரு மீமை உருவாக்கியவர் அமெரிக்க வழக்கறிஞர் மைக் கோட்வின். இணைய விவாதங்களில் எதற்கெடுத்தாலும் எதிரியை ஹிட்லரோடு ஒப்பிடும் பழக்கத்தைக் கண்டு, 1990-இல் அவர் ஒரு 'விதி' வகுத்தார்: விவாதம் நீள நீள, யாராவது ஒருவர் நாஜிகளை இழுப்பது உறுதி. மக்கள் சிந்தித்து ஒப்பிட வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால், நாளடைவில் அந்த விதியே சிந்திக்காமல் வாயடைக்கும் கருவியாயிற்று. 2017-இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் உண்மையாகவே நாஜிச் சின்னங்களோடு ஊர்வலம் நடந்தபோது, இவர்களைத் தாராளமாக நாஜிகளோடு ஒப்பிடலாம் என்று கோட்வினே சொல்ல வேண்டியதாயிற்று.

நம் வீட்டு விவாதம்

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழ்ப்பள்ளி. நம் குழுக்களில் இதைவிட அதிகம் அரைக்கப்பட்ட மாவு கிடையாது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற வாதத்தை 2021-இல் உயர்நீதிமன்றமும், 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கான அனுமதியையும் மறுத்தது. இதன் பிறகும் அதே வாதத்தோடு வருபவருக்கு ஒரு வடிவேலு போதும் என்றால், நானும் கைதட்டுவேன்.

ஆனால், நான் இருக்கும் குழு ஒன்றில் ஒரு முன்னாள் மாணவி வேறொன்று கேட்டார். "பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்தால் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி சிரமமாக இருக்குமா?" சில நொடிகளில் நான்கு கேலிப்படங்கள் வந்தன. அவர் பிறகு எதுவும் கேட்கவில்லை.

கேள்வி பழையதுதான், கேட்டவர் புதியவர். அவருக்கு அது விவாதம் அன்று. ஜனவரிக்கோ மார்ச்சுக்கோ காத்திருக்கும் ஒரு முடிவு. அக்குழுவில் இருந்த பலரும் என்னைப்போல் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள். முதல் சில மாதங்கள் மலாய்மொழிக் கட்டுரை கடினமாக இருந்ததையும், பின்னர் அது எப்படிப் பழகியது என்பதையும் எங்களைத் தவிர வேறு யார் அவருக்குச் சொல்ல முடியும்? தமிழ்ப்பள்ளியைக் காப்பதாக எண்ணி அனுப்பிய படங்கள், ஒரு பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

அனுப்பும் முன்

ஆகவே, விரல் படத்தைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இதே ஆள் இதே வாதத்தை முன்பும் வைத்தாரா? அதற்கு விடை ஏற்கெனவே தரப்பட்டதா? அந்த விடை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் படத்தை அனுப்பலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், இரண்டு வரி எழுதுவதே முறை. மீண்டும் மீண்டும் எழுதச் சலிப்பாக இருந்தால், நல்ல பதில் ஒன்றை ஒருமுறை எழுதிக் குழுவின் மேற்பகுதியில் பொருத்தி வைக்கலாமே!

சிரிக்க வைக்கும் முகம் நமக்குக் கிடைத்த செல்வம். அதை வீம்புக்கு வருபவரிடம் செலவழிப்போம். விவரம் கேட்டு வருபவருக்கு விடை தருவோம்.