லென்ஸ் வாங்குமுன் ஒரு சோதனை

தொலைவிலுள்ள பறவையையும், பள்ளி மேடையில் நிற்கும் பிள்ளையையும் அருகே கொணர்ந்து காட்டும் நீண்ட லென்ஸ்கள் விலை மிக்கவை. விலையைக் குறைக்க ஒரு வழி, அவற்றின் ஒளித் துவாரத்தைச் சிறியதாக அமைப்பதாகும். பணத்தைக் கொடுத்து வாங்கிய பின், காமிராவின் தானியங்கிக் குவியம் நிலை கொள்ளாமல் தடுமாறினால் யாரை நோவது? முன்னரே சோதித்து அறிவதே நலம்.

முதலில் எண்களின் பொருளை அறிவோம். எஃப் எண் பெருகப் பெருக, துவாரம் சிறுக்கும். எஃப் 2.8 லென்ஸ் விடும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே எஃப் 5.6 லென்ஸ் உள்ளே விடும். எஃப் 11 லென்ஸோ பதினாறில் ஒரு பங்கையே விடும்.

ஒளிக் குறைவு மட்டுமே தடையன்று. எஸ்.எல்.ஆர். காமிராவின் குவிய உணரி, லென்ஸின் இரு எதிர்ப் பக்கங்களின் வழியே வரும் பிம்பங்களை ஒப்பிட்டுக் குவியத்தைக் கணிக்கிறது. துவாரம் மிகச் சிறுத்தால் அப்பக்கங்கள் மறைந்துவிடும். ஆகவே பல காமிராக்களுக்கு எஃப் 5.6 எல்லையாக இருந்தது. கேனான் 5டி மார்க் 3 காமிராவுக்கு எஃப் 8 லென்ஸிலும் குவியம் காணும் திறன், 2013-ஆம் ஆண்டில் மென்பொருள் வழியாகவே கிட்டியது. எஃப் 4 லென்ஸுடன் இருமடங்கு நீட்டிப்பானைப் பொருத்தினால் அது எஃப் 8 ஆகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

கண்ணாடியில்லா காமிராக்கள் படம் பதியும் தகட்டிலேயே குவியம் காண்பதால் இவ்வெல்லை தளர்ந்தது. 2020-இல் கேனான் 600 மி.மீ., 800 மி.மீ. லென்ஸ்களை எஃப் 11 துவாரத்துடன் வெளியிட்டது. எனினும் அவ்வாண்டின் ஆர்5, ஆர்6 காமிராக்களில் அவை படத்தின் நடுப்பகுதியில் மட்டுமே குவியம் காணும்.

இனி, சோதனைக்கு வருவோம். எஃப் 2.8 லென்ஸை எஃப் 11-க்குச் சுருக்கி எஸ்.எல்.ஆர். காமிராவைச் சோதிப்பது வீண். அக்காமிரா துவாரம் முழுதும் திறந்த நிலையிலேயே குவியம் காண்கிறது. படம் பதியும் கணத்தில்தான் துவாரம் சுருங்குகிறது. எனவே இயல்பிலேயே சிறு துவாரம் உடைய லென்ஸே வேண்டும்.

காமிராவை முக்காலியில் நிறுத்துங்கள். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குவியத்தை முதலில் கோடித் தொலைவுக்கோ மிக அருகுக்கோ கலைத்துவிட்டு, பொத்தானைப் பாதி அழுத்துங்கள். பத்து முறை செய்து, எத்தனை முறை நிலைத்தது, எத்தனை முறை தடுமாறியது எனக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் செய்தித்தாளுக்குப் பதிலாக மங்கிய கோலமுள்ள துணியை வைத்துச் சோதியுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்ததையே மாலையில் விளக்கொளியிலும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். அப்போதுதான் குறை எங்கென்று விளங்கும்.

எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறு துவாரம் குவியப் பிழையை ஓரளவு மறைத்துவிடும். சிறிய திரையில் அது புலப்படாது.

பகலில் பறவைகளைப் படமெடுப்பவருக்கு எஃப் 11 போதுமானதாக இருக்கலாம். நிக்காஹ் மண்டபத்தின் விளக்கொளியில் எடுப்பவருக்கு அது கைகொடுக்காமல் போகலாம். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், எந்த ஒளியில் படமெடுக்கப் போகிறீர்களோ அந்த ஒளியில் சோதித்துப் பார்த்தே வாங்குங்கள்.