பிடித்தம் போக – 9: அவலாஞ்சியில் ஒரு சம்பளச் சீட்டு

வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு ஒருவருக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு சட்டக் கணக்கு உண்டு. தொழிலாளி கட்டும் பங்கு குடும்ப வருமானத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 2025இல் 9.02, 2026க்கு 9.96. தாண்டினால் அரசு மானியத்தோடு வெளியே காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு கோளாறும் இருந்தது. 2022 வரை தொழிலாளி ஒருவருக்கான பிரீமியத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். மனைவி, பிள்ளைகளைச் சேர்த்தால் தொகை எகிறும். ஆனாலும் 'உங்களுக்குக் கட்டுப்படியாகிறது' என்று மானியத்தை மறுத்தார்கள்.

நம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) இன்று அந்தச் சிக்கல் இல்லை. நீலகிரியில் எமரால்டைத் தாண்டி அவலாஞ்சி போகும் வழியில் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் சம்பளச் சீட்டை நீட்டினார். சம்பளம் 18,000, இ.எஸ்.ஐ. பிடித்தம் 135. "ஒரு மாத்திரைகூட வாங்கினதில்ல சார், இத கையில குடுத்துட்டா கேஸ் சிலிண்டருக்காவது ஆகும்" என்றார்.

அவர் பங்கு 0.75 சதவீதம். சீட்டில் வராத இன்னொரு தொகை இருக்கிறது: முதலாளி கட்டும் 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். இரண்டும் சேர்ந்த 720 ரூபாயில் அவர் மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருமே அடக்கம். உடம்பு முடியாமல் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதற்கு முந்தைய, அதற்குரிய சந்தா அரையாண்டில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எந்தத் தனியார் கம்பெனியும் வயதான அப்பா அம்மாவைச் சேர்த்து இந்த விலைக்குத் தராது. 135 ரூபாய் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சிக்கல் இந்தத் தொகையில் இல்லை, வாசலில் இருக்கிறது.

முதல் வாசல் மாதச் சம்பள வரம்பு, 21,000. 2017 ஜனவரியில் 15,000லிருந்து உயர்த்திய வரம்பு இது. அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகளுக்கு மேல் விலைவாசி ஓடியது, வரம்பு நகரவில்லை. இந்த இளைஞர் மேற்பார்வையாளராகி 21,500 வாங்கினால், நடப்பு சந்தா அரையாண்டும் அதற்குரிய பலன் காலமும் முடிந்ததும் குடும்பத்தோடு வெளியே. வரம்புக்கு மேலே ஐந்நூறு ரூபாய் வாங்கியதற்கு இப்படியொரு விலை.

அடுத்தது தேயிலை. 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் 'பருவகாலத் தொழிற்சாலை'களை விலக்கி வைத்தது. பஞ்சு அரைவை, சர்க்கரை, காபி என்று நீளும் அந்தப் பட்டியலில் தேயிலையும் உண்டு. நீலகிரியில் இலை ஆண்டு முழுக்கத் துளிர்க்கிறது, கூடினாலும் குறைந்தாலும் தொழிற்சாலை ஓடுகிறது. காகிதத்தில் மட்டும் அது பருவகாலம். சட்டம் போட்டவர்கள் குன்னூர் பக்கம் ஒருமுறை வந்திருக்கலாம்.

எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. வைத்திய வசதி முதலாளி பொறுப்பு, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. ஆனால் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தோட்டம். சிறு விவசாயிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில், ஒன்றிரண்டு ஏக்கரில் பறிப்பவர் அதற்குள் வந்ததே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்டங்கள் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்கிறது. விருப்பம் தெரிவிக்க வேண்டியவர் முதலாளி.

கேரட், உருளைக்கிழங்குக் காட்டில் கூலிக்குப் போகிறவருக்கு எஞ்சியிருப்பது முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு. சந்தா இல்லை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு 1,20,000. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆளுக்கு 400 ரூபாய்க் கூலிக்கு மாதம் இருபது நாள் போனாலே ஆண்டுக்கு 1,92,000 ஆகிவிடும். கிராம நிர்வாக அலுவலர் கணக்கைக் கறாராகப் போட்டால் அட்டை கிடைக்காது.

உள்ளே வந்தவருக்கும் தூரம் ஒரு செலவுதான். அவலாஞ்சியிலிருந்து ஊட்டி சுமார் 25 கிலோமீட்டர். நோயாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு, துணைக்குப் போனவருக்கும் போச்சு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியபோது சாலையெல்லாம் மண்சரிவில் அடைபட்டது. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தது பெரிய ஆறுதல். அதுவரை பெரிய வியாதி என்றால் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருந்தது. அங்கே சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அவலாஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே சம்பளத்தில் எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் யார் யார் அடக்கம், எந்தத் தொகையில் வெளியே தள்ளுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்வர எத்தனை கூலி போகும் என்றும் கேளுங்கள். அரசு செய்ய வேண்டியது இரண்டு: 21,000 வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும், தேயிலையைப் பருவகாலப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

(தொடரும்)