கார் ஷெட்டை ஒட்டிய அறை கொதிக்கிறதா?

சித்திரை பிறந்து விட்டால் எங்கள் வில்லியனூர்ப் பக்கம் மெத்தை வீடுகளெல்லாம் அடுப்புதான். அதிலும் வீட்டுச் சுவரோடு சேர்த்து ஷீட் இறக்கி கார் ஷெட் கட்டியிருப்பவர்கள் பாடு சொல்லி மாளாது. எங்கள் வீட்டில் ஷெட்டை ஒட்டிய அறையில்தான் பிரசவத்துக்கு வந்த மகளும் குழந்தையும் படுத்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

குளிர் தேசங்களில் ஷெட்டுக்குப் பஞ்சும் பலகையும் வைத்து அடைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமலிருக்க! நமக்கோ வெயில் உள்ளே இறங்கக் கூடாது. ஆகவே முதல் வேலை கூரையில்தான்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. ஆண்டனின் ரேமண்ட் என்பவர் வடிவமைத்தார். கான்கிரீட் தளத்தின் மேல் வளைவான வில்லைகளை அடுக்கி, நடுவே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறார்கள். வெயிலை மேல் வில்லை வாங்கிக் கொள்ளும். உஷ்ணத்தைக் காற்று கொண்டு போய்விடும். கொத்தனார், "ஏ.சி. போட்டுக்குங்கம்மா" என்றார். என் மாமியாரோ, "கீத்துக்கு மிஞ்சின குளுமை ஏது?" என்றார். மாமியார் பேச்சைத்தான் கேட்டோம்.

ஷெட்டைச் சுற்றிச் சவுக்குக் கால் ஊன்றி, ஷீட்டுக்கு ஒரு முழம் மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். எங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைத் துளைக்கவோ அறுக்கவோ கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். கால்களைத் தரையில் ஊன்றியது அதற்காகத்தான். ஷீட்டுக்கு அடியில், வாசல் பக்கம் மேலே திறப்பு விட்டு வலை அடித்தோம். அடைந்து கிடந்த அனல் வெளியேறியது. அறையின் மொட்டை மாடிக்குப் பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு தடவை. மழையில் கரைந்து விடும். வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டும். நாலே நாளில் வித்தியாசம் தெரிந்தது. குழந்தையும் மத்தியானத்தில் தூங்கினாள்.

ஐப்பசி பிறக்குமுன் கீற்றை இறக்கி விடுங்கள். தீபாவளிப் பட்டாசுப் பொறி ஒன்று போதும். பிறகு புயல் காலம். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலில் எத்தனை கூரை பறந்தது என்று எங்கள் ஊராருக்குத் தெரியும்.

ஷெட்டுக்குள் தெர்மோகோல் ஒட்டும் யோசனை வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும். வண்டி ஓடி வந்ததும் இன்ஜின் ஆறும் வரை வெளியே நிற்கட்டும். இன்னொன்று: ஷெட்டிலிருந்து அறைக்குக் கதவு இருந்தால் அதன் இடுக்குகளை ரப்பர் பட்டை ஒட்டி அடையுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடவே கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. தூங்குகிற பிள்ளைக்கு அழக்கூடத் தெரியாது.